முதல் தரம் கேட்டால் வேண்டாம்

தொழிற்பள்ளியில் மகனைத் தேனீ வளர்க்கப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் ராகேலுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகன் ஞானசிங்கின் முகத்தைப் பார்த்தாள். வந்த சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

தேனீக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயதில் ஒரு கூட்டைக் கலைத்துவிட்டு, கண் திறக்க முடியாமல் கிடந்தவன். பைத்தியமெல்லாம் மோட்டார்மேல்தான். புதுக்கடை ஜங்ஷனில் நின்றால், பஸ் வளைவு திரும்புமுன்பே சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்லிவிடுவான். மார்த்தாண்டத்தில் அந்தத் தொழிற்பள்ளியில் மோட்டார் பிரிவு தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே குமாரதாஸ் சார் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். அப்பன் சொன்னான், மாமன் சொன்னான் என்று யாரும் தொழில் படிக்க வரக்கூடாது, அவனவன் ஆசைப்படி படிக்கட்டும் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். அதற்காக ஒரு அச்சுத்தாள் கொடுத்தார். வேலைகளின் பெயர் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே 'மிக விருப்பம்', 'விருப்பம்', 'வேண்டாம்' இவற்றில் ஒன்றை எழுத வேண்டும்.

"மோட்டாருக்கு நேரே என்ன எழுதின மக்கா?"

"வேண்டாம்னு."

"பிராந்து பிடிச்சிருக்கா லே உனக்கு?"

"முதல் தரம் கேக்கும்போ வேணும்னு எப்படிம்மா எழுதுகது? ஆசை அடங்காத ஆக்கிராந்தம் பிடிச்ச பயன்னு நெனைக்க மாட்டாரா? பொறவு ஒருக்கா கேப்பாரு, அப்ப சொல்லலாம்னு இருந்தேன்."

"தேனீக்கு?"

"பெட்டியெல்லாம் சாரே முற்றத்துல ஆசையா வச்சிருக்காரு. வேண்டாம்னா மனசு நோவாதா? மிக விருப்பம்னு எழுதினேன். எல்லா பயலுவளும் அப்படித்தான். மோட்டாருக்கு ஆளே இல்லன்னு, படிக்கதுக்கு வந்த எஞ்சின திருவனந்தபுரத்துக்கு அனுப்பப் போறாராம். நாளன்னைக்கு லாரி வருது."

ராகேலால் திட்ட முடியவில்லை. எல்லாம் அவள் வளர்த்த வளர்ப்பு. ஒரு வீட்டுக்குப் போனால் கேட்டவுடன் கை நீட்டக்கூடாது. இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வாங்க வேண்டும். பிடிக்காததை வைத்தாலும் முகம் சுளிக்காமல் தின்ன வேண்டும். சித்தி வீட்டில் முதல் தரமே முறுக்கை எடுத்ததற்கு அவன் தொடையில் கிள்ளியவள் அவள்தான்.

மறுநாள் மகனோடு கிளம்பினாள். பஸ் பாதி வழியில் நின்றுபோயிற்று. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த டிரைவரின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த ஞானசிங்கை அவள்தான் இழுத்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது வெயிலில் அவளுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

குமாரதாஸ் நல்ல மனிதர். குடும்பம் இந்தப் பக்கம்தான், வளர்ந்தது கொழும்பில். நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு பிளாஸ்கை எடுத்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார். இப்பந்தான் குடிச்சோம்."

"சரி." மூடியைத் திருகி பிளாஸ்கை ஓரமாக வைத்துவிட்டார். "மகன் விஷயமா வந்தீங்களா? ஏதாவது மாத்த வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் சார். சும்மா, பாத்துட்டுப் போலாம்னு."

சொன்ன பிறகுதான் ராகேலுக்கு உறைத்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது என்ன, வாயில் வந்தது என்ன! குமாரதாஸ் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். இந்த மனிதர் இரண்டாம் தரம் கேட்கமாட்டார். அவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது, அவ்வளவுதான். நாளைக்கு லாரி வந்துவிடும். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சார், எனக்கு சாயா வேணும்."

முகம் பற்றி எரிந்தது. ஜெபத்துக்கு நடுவே அம்மா எழுந்து சத்தம் போட்டதுபோல ஞானசிங் அவளைப் பார்த்தான்.

"குடிச்சோம்னு பொய் சொன்னேன் சார். இங்க யாரும் முதல்ல கேட்டவுடனே வேணும்னு சொல்ல மாட்டோம். இவனும் அப்படித்தான் எழுதிட்டு வந்திருக்கான். ஏலே, நீயும் சொல்லு."

அவன் ஓரடி முன்னால் வந்தான். "மோட்டார் வேணும் சார். தேனீன்னா பயம்."

குமாரதாஸ் அச்சுத்தாள் கட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். மோட்டாருக்கு நேரே வேண்டாம், வேண்டாம் என்றே வந்துகொண்டிருந்தது.

"அப்ப இத்தனை பேரும்?"

"இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க சார்" என்றாள் ராகேல்.

"கேக்கிறேன். அது வரைக்கும் எஞ்சின் இங்கேயே நிக்கட்டும்."

ஞானசிங் சுவரில் சாய்ந்துகொண்டான். குமாரதாஸ் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"வேண்டாம் சார்."

மூடியைத் திருகப் போனவர் நிறுத்தினார். மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தார். பிறகு இரண்டாம் தரம் கேட்டார்.