நாலு துண்டு கேக்

ஜனவரி ஆறாம் தேதி காலை நோரீன் எழுந்ததும் அடுப்படிக்குப் போகவில்லை. நல்ல பூட்ஸை மாட்டிக்கொண்டு, நீலக் கோட்டை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி அன்று பெண்கள் கிறிஸ்துமஸ். வருஷம் முழுக்க உழைத்தவள் இன்று ஒரு தட்டைக்கூடத் தொடக் கூடாது. சமையல், கோழி, பாத்திரம் எல்லாம் ஆண்கள் பாடு. அவள் பிறந்த வீட்டில் அப்பா அன்றைக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கஞ்சியைத் தீய்ப்பார். அம்மா அதைக் குறை சொல்லிக்கொண்டே ரசித்துச் சாப்பிடுவாள்.

வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ நாலு ஆண்கள்: மாமனார் டென்னி, கணவன் ஃபின்பர், கொழுந்தன்கள் கானும் ஜெரும். மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. பக்கத்து வீடுகளில் நடப்பதைப் பையன்கள் பார்த்திருப்பார்கள். தங்கள் வீட்டிலும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் உறைக்கவில்லை. நினைவுபடுத்த நோரீனுக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்கினால் அது வெறும் லீவு. அவர்களாகக் கொடுத்தால்தான் அவள் இந்த வீட்டுப் பெண். இல்லாவிட்டால் சம்பளமில்லாத சமையல்காரி.

அடுப்படியில் நாற்காலிகள் இழுபட்டன. டீ ஆச்சா என்று ஃபின்பர் குரல் கொடுத்தான், அன்பாகத்தான்.

கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்து டீ போட்டாள், முட்டை பொரித்தாள். அண்ணன் தம்பி மூன்று பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு, அன்றைய விருந்து நடக்கும் டூமி அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நோரீன் உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துப்போட்டு உரிக்க உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. வெங்காயமாக இருந்தாலாவது சாக்குச் சொல்லலாம்.

பால் கறந்துவிட்டு டென்னி உள்ளே வந்தார். சிடுமூஞ்சி மனிதர், மாட்டோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேசமாட்டார். அவர் பார்வை அவளுடைய பூட்ஸில் போய் நின்றது. வாளியை இறக்கி வைத்தார்.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?"

"ஆறு, மாமா."

கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மகன்கள் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் ஏன்டா கழுதைங்களா இவ கிழங்கு உரிக்கிறா?"

ஃபின்பருக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. டென்னி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வருஷம் நான் இத மறந்துட்டேன்மா. உன் மாமியார் ஈஸ்டர் வரைக்கும் எங்கிட்ட பேசல. இன்னொரு தடவ அதெல்லாம் என்னால முடியாது. கெளம்பு."

ஃபின்பரே ஓடிப்போய்க் கோட்டை எடுத்து வந்தான். பொத்தானைத் தப்பாகப் போட்டுவிட்டான். அவள் திருத்தவில்லை.

டூமி அக்கா வீட்டில் திராட்சை கேக்கும் இனிப்பு ஒயினும் தீரத் தீர வந்தன. ஊர்க் கணவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார்கள். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆடினார்கள். நோரீன் தன் மாமனார் மாட்டோடு பேசுவதை நடித்துக் காட்டியபோது டூமி அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நோரீன் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

இருட்டத் தொடங்கியதும், வீட்டு ஆண்களுக்காக நாலு துண்டு கேக்கைத் துணியில் முடிந்துகொண்டு திரும்பினாள். ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். வீட்டுக் கதவிடுக்கு வழியே புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே எதுவோ உடைந்தது. கானும் ஜெரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். டென்னி, அவளுடைய மாமியாரின் பூப்போட்ட ஏப்ரனோடு, மூக்கில் கரியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வராத. உன் நாள் இன்னும் முடியல."

கதவு சாத்திக்கொண்டது. குளிர் கடித்தது. கருகிய கிழங்கு வாசனை முற்றம் முழுக்க வீசியது. நோரீன் கல்சுவரில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டியபடி, முடிச்சை அவிழ்த்து ஃபின்பருடைய துண்டைத் தின்றாள். பிறகு கானுடையதை எடுத்தாள்.