ஒன்பது கடிகாரங்களுக்கு ஓர் அலமாரி

வீரபாகுவுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாக தினமும் காலையில் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சுக்குக் கஷாயம். அவர் குளியலறைக்குள் போனால் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனதுதான் காரணம். மனைவி ஏலவார்குழலி கதவுக்கு வெளியே நின்று, "இன்னாங்க, போச்சா இல்லியா?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து பதில் வராது.

உள்ளே அவர் கைக்கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பார்.

மொத்தம் ஒன்பது. எதிலும் பேட்டரி கிடையாது. கட்டியிருக்கிற கை அசைய அசைய அந்த அசைவிலேயே தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் ரகம். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். கையில் கட்டுவது ஒன்று. மற்ற எட்டும் பட்டினி. ஆகவே துண்டுக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் வீதம் குலுக்கி எடுத்துவருவார்.

குழலிக்குத் தெரிந்து அவரிடம் இருந்தது ஒரே கடிகாரம். வெள்ளை முகம், பழுப்புத் தோல் வார். ஒன்பதுக்கும் வெள்ளை முகம், பழுப்பு வார் என்பது தற்செயலாக நடந்ததல்ல.

இதில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவருடைய தைரியமே அதுதான். எத்தனை என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்தில் நாலு தறி போட்டு நடத்துகிற வீரபாகுவின் மௌனத்துக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. பட்டு நூல் விற்க வந்தவர் விலையைச் சொல்வார்; இவர் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்; இரண்டு நிமிடத்தில் விலை தானாக இறங்கும். பங்காளிச் சண்டை என்றால் இவரைக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைப்பார்கள். இவர் வாய் திறக்கமாட்டார். இரண்டு தரப்பும் தங்கள் பக்கமே தீர்ப்பு என்று எழுந்து போவார்கள்.

குழலிக்கு இதில் ஏகப் பெருமை. "எங்க வூட்டுக்காரரு பேசமாட்டாரு, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு ஒளிவு மறைவு கெடையாதும்மா. கண்ணாடி மாதிரி" என்று எதிர்வீட்டுக் காவேரியிடம் சொல்வாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் வீரபாகு கையிலிருக்கிற கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொள்வார். கடிகாரங்கள் போனால் போகட்டும். அந்தக் 'கண்ணாடி' மட்டும் உடைந்துவிடக் கூடாது.

புரட்டாசி பிறந்ததும் குழலி ஒரு முடிவுக்கு வந்தாள். "வாய் வழியா குழா வுட்டு வயித்தப் பாப்பாங்களாம். வர்ற திங்கக்கெழம டாக்டரு வரச் சொல்லிட்டாரு."

மறுநாளே அவர் சென்னைக்குப் பஸ் ஏறினார். கையில் கடைக்குக் கொடுக்க வேண்டிய புடவைப் பை. மனதில், கடிகாரங்களை உள்ளே வைத்துத் தானாகச் சுற்றவிடுகிற அலமாரி ஒன்று. அப்படி ஒன்று இருக்கிறதென்று போனில் பார்த்து ஆறு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஷோரூமில் திரிஷா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் அவரை ஒரு கண்ணாடி அலமாரி முன் நிறுத்தினாள். விளக்கு எரிந்தது. உள்ளே கடிகாரங்கள் தேர் போல மெதுவாகச் சுற்றின.

"டிஸ்ப்ளேதான் சார் இதோட அழகே. கெஸ்ட் வந்தா லைட்டப் போட்டு காட்டலாம். ஒய்ஃப் அசந்துருவாங்க."

வீரபாகு ஒன்றும் சொல்லவில்லை. அசந்துபோகும் குழலியை மனதில் ஓட்டிப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஓகே சார், செக்யூரிட்டி பாக்கறீங்க. இது ஃபுல் ஸ்டீல். நூத்தியெண்பது கிலோ. தரையில போல்ட் அடிச்சிட்டா எந்தத் திருடனாலும் அசைக்க முடியாது."

திருடனைப் பற்றி அவருக்குப் பயமில்லை. திருடன் எண்ணிப் பார்க்கமாட்டான், அள்ளிக்கொண்டு போய்விடுவான். எண்ணிப் பார்க்கக்கூடியவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். அதுவும் இரும்புப் பெட்டி என்றால் உள்ளே என்ன என்று கேட்காமல் யாரும் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள்.

அவர் மௌனத்தைப் பார்த்து திரிஷா தானாகவே பத்து சதவீதம் தள்ளுபடி சொன்னாள். பிறகு உள்ளே போய் மேனேஜரைக் கேட்டு வந்து பதினைந்து ஆக்கினாள்.

மூன்றாவது அலமாரி மூலையில் நின்றது. தேக்கு நிறம். மேல் பாதி மரக்கதவு, விரல் ரேகை வைத்தால் திறக்கும் பூட்டு. கீழ்ப் பாதி முழுக்க அகலமான இழுப்பறைகள். பார்த்தால் சாதாரணத் துணி அலமாரி. வீரபாகு ஓர் இழுப்பறையை இழுத்து உட்புறத் துணியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"ப்யூர் சில்க் லைனிங் சார்."

அவர் தலையைத் தூக்கி அவளை ஒரு தடவை பார்த்தார்.

"சில்க் மாதிரி, சார்" என்றாள் திரிஷா.

பையிலிருந்து ஒரு முகூர்த்தப் புடவையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். புது மடிப்பு விழாமல் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. ஆறு இழுப்பறைக்கு முப்பது புடவை தாங்கும். கீழே அவளுக்கு இத்தனை இடம் கிடைத்தால் மேலே என்ன என்று கேட்கத் தோன்றாது. வாங்குகிற முடிவை அந்தப் புடவைதான் எடுத்தது.

"எந்தப் பக்கம் சுத்தணும், ஒரு நாளைக்கு எத்தன சுத்துன்னு வாட்சுக்கு வாட்சு செட் பண்ணிக்கலாம். மோட்டார் சத்தமே வராது சார், காது வெச்சுப் பாருங்க."

காது வைத்தார். ஏ.சி. இரைச்சலும் சினிமாப் பாட்டும் கேட்டன. மோட்டார் கேட்கவில்லை.

வீட்டில் அலமாரி வந்து இறங்கியபோது, எல்லாக் கேள்விகளுக்கும் குழலியே பதில் சொல்லிக்கொண்டாள். வீரபாகு எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது.

"பொடவைக்கா? ஐயோ, எவ்ளோ எடம்! மேல இன்னா பூட்டு?" ஒரு கணம் யோசித்தாள். "டிசைனு காகிதம் வெக்கவா? நல்ல வேல செஞ்சீங்க. போன வருஷம் நம்ம யாளி டிசைன எவனோ சுட்டுக்கினு போனானே."

வீரபாகு சும்மா இருந்தார். மறுநாள் ஏழே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்தார். குழலி நெகிழ்ந்துபோய் டாக்டருக்குப் போன் செய்து, கஷாயத்திலேயே குணமாகிவிட்டது என்று சொன்னாள்.

மகாளய அமாவாசை வந்தது. அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள். மற்ற நாளெல்லாம் நாலு தறியின் தடதடப்பில் முழுகிக் கிடக்கும் வீடு, அன்று மட்டும் கிணறு மாதிரி அடங்கிப்போகும். மத்தியானம் படையல் சாப்பாடு முடிந்து குழலி தலை சாய்த்தாள். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"உள்ள இன்னாவோ கொர்ர்ங்குதுங்க."

வீரபாகு விசிறியைப் பார்த்தார். அவள் எழுந்து போய் அலமாரியில் காதை வைத்தாள்.

"இங்கதான். ஏதோ மிஷின் ஓடிக்கினு இருக்குது." திரும்பி அவரைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "ஈரம் இழுக்கிறதுக்கா? மழைக்காலம் வருதுல்ல. பட்டுக்கு நல்லதுதான்."

இதற்கும் அவர் சும்மா இருந்தார். அங்கேதான் தவறினார். பேய், எலி, அடுத்த வீட்டு மிக்ஸி என்று வேறு எதை அவள் நினைத்திருந்தாலும் பாதகமில்லை. நெசவுக்காரர் வீட்டில் ஒன்றை மிஷின் என்று ஒத்துக்கொண்டால், ஒன்பதாம் நாள் ஆயுத பூஜையில் அதற்கும் பங்கு உண்டு.

அன்று காலையிலேயே தறிகளைத் துடைத்துத் திருநீற்றுப் பட்டை போட்டு, ஊடு நூல் ஓட்டும் நாடா, ராட்டை, கத்திரிக்கோல், ஸ்கூட்டர், மாவு மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த குழலி, சந்தனக் கிண்ணத்தோடு அலமாரி முன் வந்து நின்றாள்.

"தொறங்க."

வீரபாகு அலமாரியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இந்த மௌனம் வேலை செய்யவில்லை.

"கதவு மேலயே வெச்சிடேன்" என்றார்.

"தறிக்கு வெக்காம தறி வூட்டு செவுத்துக்கா பொட்டு வெப்பாங்க? தொறங்க, ராகு காலம் வந்துடும்."

கட்டைவிரலை வைத்தார். சந்தனம் ஒட்டியிருந்ததால் பூட்டு ஒப்புக்கொள்ளாமல் கீச்சிட்டது. ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. குழலி முந்தானையால் அவர் விரலைத் துடைத்துவிட்டாள். கதவு திறந்தது.

காலையில் குளிக்கக் கழற்றி வைத்ததும் சேர்த்து ஒன்பது கடிகாரங்கள் மஞ்சள் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

குழலி முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். "இன்னிக்கு எதுவும் ஓடக் கூடாது." பிறகு விரல் நீட்டி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "எல்லாம் அதே வாட்சு."

அவர் தலைகுனிந்து நின்றார்.

"ஒரே கலரு, ஒரே பார்டருன்னு ஒம்போது பொடவ எடுக்கிற பொம்பளய எங்கனா பாத்துக்கிறியா நீ?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அந்த அடியில் என்னவோ கழன்றுகொண்டது.

"ஒரே மாதிரி இல்ல, குழலி" என்றார். "இது நாளுக்கு ஏழு செகண்டு முந்திக்கினு ஓடும். அவசரக்காரன். இது அஞ்சு செகண்டு பின்தங்கும், ஆனா ஒரு நாளும் அஞ்ச தாண்டாது. இத்த காதுகிட்ட வெச்சுப் பாரு, மழ வுட்டப்புறம் ஓட்டுலருந்து சொட்டற சத்தம். இது நம்ம பொண்ணு சங்கீதா பொறந்த வருஷம் செஞ்சது. அதுக்காகவே வாங்கினேன்." ஐந்தாவதைச் சொன்னார், ஆறாவதைச் சொன்னார். உள்ளே இருக்கிற சக்கரங்களைச் சொன்னார், அவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதைச் சொன்னார். தறிக்காரர்கள் பொரிக்காகக் கூடத்தில் காத்திருந்தார்கள். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஒன்பதாவது முடிந்ததும் குழலி நீளமாக மூச்சு விட்டாள்.

"வாட்ச ஒளிச்சது கெடக்கட்டும். இத்தினி பேச்ச இருபத்தெட்டு வருஷமா எங்க ஒளிச்சி வெச்சிருந்த? என்கிட்ட கொழம்புல உப்பு கம்மின்றத தாண்டி நீ வாயே தொறந்ததில்ல." குரல் இறங்கியது. "கண்ணாடி கண்ணாடின்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே. இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு..."

"அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே சுண்டல் தட்டோடு காவேரி உள்ளே வந்துவிட்டாள். கதவைச் சாத்த நேரமில்லை. "இன்னாக்கா இது, வாட்சு கட வெச்சிட்டாரா மாமா?"

வீரபாகுவுக்கு உலகம் நின்றது. குழலி குங்குமத்தைத் தொட்டு முதல் கடிகாரத்துக்கு நிதானமாகப் பொட்டு வைத்தாள்.

"நான் வாங்கிக் குடுத்ததுடி. கல்யாண நாளைக்கு ஒண்ணொண்ணா."

"ஒம்போதுமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்குதேக்கா!"

"அவருக்கு அதுதான் ராசி."

காவேரி நம்பாமல் அவர் பக்கம் திரும்பினாள். "நெசமா மாமா?"

மற்ற நாளாக இருந்தால் சும்மா இருந்திருப்பார், அதையே அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் குழலியின் கண் அவர் வாய்மேல் இருந்தது.

"ஆமாம்மா" என்றார். அது சுலபமாக வந்தது. பின்னாலேயே இன்னும் வந்தது. "வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. போன வருஷம் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு, பஸ் ஏறி மெட்ராசு போயி, நாலு கட ஏறி எறங்கி வாங்கியாந்தா. சந்நிதித் தெரு பூகூட கையில வெச்சிக்கினு வந்தா, எனக்கு சந்தேகம் வரக் கூடாதுன்னு."

காவேரி வாயில் கை வைத்துச் சிரித்து, "அக்கா, நீ பலே ஆளுக்கா" என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

குழலி குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்பது கடிகாரங்களைக் கண்டபோதுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.