எப்படிப்பட்ட பையனை எதிர்பார்க்கிறீர்கள்?

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம்.

பகலில் அக்காவின் தையல்கடையில் எனக்கு வேலை. அங்கே புதுத்துணி தைப்பதில்லை. பிடிப்பது, தளர்த்துவது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது மட்டும்தான். மாலையில் வணிகவியல் வகுப்பு. அங்கே சார் ஒரு வேலை கொடுத்தார்: "வாடிக்கையாளர் காசு கொடுப்பது பொருளுக்கு அல்ல, அதனால் கிடைக்கும் பயனுக்கு. தெரிந்த கடை ஒன்றில் அந்தப் பயன் எது என்று விசாரித்து எழுதி வாருங்கள்."

இதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன். (எதையும் அளவுகோல் வைத்துத்தான் அடிக்கோடிடுவேன். அதனால் அக்கா என்னை 'ஸ்கேலு' என்று கூப்பிடுவாள். கதைக்கு இந்தத் தகவல் தேவையா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "ஊசியின் காதில் காலை வெளிச்சம் நுழைந்தபோது..." வேண்டாம். எங்கள் கடை ஜன்னல் மேற்கே பார்த்தது.

இரண்டாம் தொடக்கம்: "வாடிக்கையாளர் எதிர்பார்ப்புகள் மூன்று வகைப்படும். அவையாவன..." எனக்கு இரண்டுதான் தெரியும்.

மூன்றாம் தொடக்கம், நடந்தபடியே: அக்கா ட்ரையல் ரூமை எடுத்துவிட முடிவு செய்தாள்.

கடை மூலையில் ஒரு பலகைத் தடுப்பு, ஆளுயரக் கண்ணாடி, ஒரு முக்காலி, உள்பக்கம் தாழ்ப்பாள். அவ்வளவுதான் எங்கள் ட்ரையல் ரூம். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு தையல் மெஷின் போடலாம், மூன்று நாள் வேலையை ஒரே நாளில் கொடுக்கலாம். திங்கட்கிழமை மெஷின்காரர் வந்து இடத்தை அளப்பதாக ஏற்பாடு.

"அக்கா, ஜனங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாமே," என்றேன்.

"சீக்கிரம் வேணும்பாங்க. இதைக் கேக்க ஒரு படிப்பா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் நாற்பது படிவங்கள் அச்சடித்தேன்.

3

மூன்றாவது கேள்வி இப்படி இருந்திருக்க வேண்டும்: 'எங்கள் கடையில் எப்படிப்பட்ட பயனை எதிர்பார்க்கிறீர்கள்?' செல்போனில்தான் தட்டினேன். அது ஒரு சொல்லைத் தானாகத் திருத்திக்கொண்டது. நான் நான்கு முறை சரிபார்த்தேன். (நான்கு முறையும் கேள்வி எண்களை.)

அச்சாகி வந்தது: 'எங்கள் கடையில் எப்படிப்பட்ட பையனை எதிர்பார்க்கிறீர்கள்?'

எங்கள் கடையில் பையனே கிடையாது. அக்கா, நான், ஒரு மெஷின்.

சனிக்கிழமை மதியம், திரும்பி வந்த முப்பத்தொரு படிவங்களை வெட்டுமேசையில் பரப்பிப் படிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

'எங்களுக்கு இரண்டும் பெண். இனிமேல் எதிர்பார்ப்பதாக உத்தேசம் இல்லை.'

'பட்டதாரி. குறட்டை கூடாது. பெண்ணின் போட்டோ பிறகு தருகிறோம்.'

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி ஸ்கேலு, நாம தையல்கடை வெச்சிருக்கோமா, கல்யாணத் தரகு பாக்குறோமா?"

"சிரிக்காதக்கா. நாளன்னைக்கு சார்கிட்ட குடுக்கணும். என் மானமே போச்சு."

"போனது போகட்டும், அடுத்ததைப் படி."

அடுத்தது பஸ் டிரைவருடையது: 'என் தொப்பையைப் பார்த்துச் சிரிக்காத பையன்.'

அதற்கும் சிரித்தாள். பிறகு, பள்ளிக்கூட டீச்சர்: 'குழந்தை பிறந்த பிறகு எனக்குப் பழைய துணி எதுவும் சேரவில்லை. ஏன் இப்படி ஆயிட்டீங்க என்று கேட்காத பையன்.'

இன்னொன்று, பெயர் இல்லை: 'பையன் வேண்டாம். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்க விட்டால் போதும். இப்போது இருக்கும் தையல்காரம்மாவே போதும்.'

அக்காவின் சிரிப்பு நின்றது.

பத்தொன்பது பேர் இந்த மாதிரிதான் எழுதியிருந்தார்கள். 'சீக்கிரம்' என்று எழுதியவர்கள் இரண்டு பேர். (மூன்றாகவும் இருக்கலாம். ஒருவர் கையெழுத்து புரியவில்லை.)

பயனைக் கேட்டிருந்தால் எல்லாரும் 'சீக்கிரம்', 'நல்ல தையல்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பையனைக் கேட்டதால், யார் முன்னால் கூச்சமில்லாமல் நிற்க முடியும் என்று எழுதிவிட்டார்கள். [இந்த வாக்கியம் பெரியமனுஷத்தனமாக இருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை.]

5

(4 இல்லை. அதில் அக்காவின் குணநலன்களை வர்ணித்திருந்தேன். படித்துவிட்டு "யாருடி இவ?" என்றாள்.)

அன்று சாயங்காலமே பஸ் டிரைவர் சீருடைப் பேன்ட்டோடு வந்தார். உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் விடும் சத்தம்.

"பட்டன் சேர மாட்டேங்குதும்மா."

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "துணி சுருங்கியிருக்கும் சார்."

இதை அவள் எல்லாரிடமும் சொல்வாள். ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் குறித்துவைக்கும் நான் இதை மட்டும் ஒருமுறைகூடக் குறித்ததில்லை. அந்தப் பேன்ட் பாலியஸ்டர். எத்தனை தடவை துவைத்தாலும் சுருங்காது. அக்காவுக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

"ஆமாம்மா," என்றது உள்ளேயிருந்து குரல். "இந்த வருஷத்துல ரெண்டாவது தடவையா சுருங்குது. மட்டமான துணி!"

"ரெண்டு விரல் விட்டுத் தரேன். மறுபடி சுருங்கினா கொண்டாங்க."

வெளியே வந்தவர், வந்ததைவிட ஓர் அங்குலம் உயரமாக இருந்தார். (அளக்கவில்லை. தோராயமாக.)

6

முடிவு அ: அக்கா மெஷின்காரரை வர வேண்டாம் என்கிறாள். [சாருக்குப் பிடிக்கும்.]

முடிவு ஆ: மெஷினும் வருகிறது, ட்ரையல் ரூமும் இருக்கிறது, என் மேசை போகிறது. [இடத்தை அளந்து பார்த்தேன். பொருந்துகிறது. நான் நின்றுகொண்டே எழுத வேண்டும்.]

முடிவு இ: மெஷினே வந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்து... வேண்டாம்.

உண்மையில் நடந்தது இது. டிரைவர் போனதும் அக்கா படிவங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். முக்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் போன்.

"அண்ணே, திங்கட்கிழமை விஷயமா..."

அடுத்து அவள் சொன்னது எனக்குத் தெரியும். பலகை மெல்லியது. நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. ஆனால் தாழ்ப்பாள் போட்டவர்களை வெளியிலிருந்து அவசரப்படுத்துவது எங்கள் கடையில் வழக்கமில்லை. அதனால் அவளே வெளியே வந்து சொல்லும்வரை நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

யாரும் வாங்காத ஒன்பது படிவங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு. பிழையைத் திருத்தவில்லை.

'இந்தக் கதையில் எப்படிப்பட்ட பையனை எதிர்பார்க்கிறீர்கள்?'

.......................................

நிதானமாக எழுதுங்கள். கோட்டுக்குள் அடங்கவில்லை என்றால் கவலை வேண்டாம். தாள் சுருங்கியிருக்கும்.