கடைசிக் கோட்டில் தடுத்தவன்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்ணிருந்தும் பார்வையில்லை என்பது கொன்ராட் ரீக்லரின் கட்சி. குளிரில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தவனே மறுநாள் பத்திரிகை வாங்கி, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்கிறான். அச்சில் வந்தால் உண்மை, வராவிட்டால் பொய். கொன்ராட் கரிவண்டி ஓட்டும் கிழவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. எழுதுகிறவர்களை அறவே நம்பமாட்டார்.

ஆனாலும் அன்று மாலை ரயில் நிலையத்துக்கு அவரேதான் ஓடினார். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் நன்றித் திருநாள் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மகன் எமில் தோள் எலும்பு முறிந்து மருத்துவர் வீட்டில் கிடந்தான். பத்திரிகைக்காரர் ஸ்டோடர்ட் தந்தி மேசையருகே உட்கார்ந்து, அந்த வட்டாரத்து ஏழு கல்லூரி அணிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த பதினொரு பேரின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். அதில் பெயர் வந்தால்தான் பயிற்சியாளர் வேலை என்று நெப்ராஸ்காவிலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து எமிலுக்குக் கடிதம் வந்திருந்தது. வராவிட்டால் அப்பனோடு கரி அள்ள வேண்டியதுதான்.

"எம் மவன் பேரு இருக்கா?"

ஸ்டோடர்ட் நிமிரவில்லை. "யாருய்யா உம்ம பையன்?"

"எமில் ரீக்லர்."

"அவனா? முதல் பாதி நல்லாத்தான் ஆடினான். அப்புறம் ஆளையே காணோம். கடைசிக் கோட்டுல மூணு தடவை தடுத்தானே நெஸ், அவன் பேரைப் போட்டாச்சு."

"தடுத்தது எம் மவன்யா!"

"பெரியவரே, சட்டையில நம்பரா போட்டிருக்கு? எல்லாம் சேத்துல புரண்ட பன்னிங்க மாதிரி இருந்தானுங்க. நான் தலையைப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன். உம்ம பையன் காதை மூடுற தோல் தொப்பி மாட்டிட்டு ஆடுறவன். நெஸ் வெறுந்தலை. தடுத்தவன் வெறுந்தலை. அவ்வளவுதான்."

"இடைவேளைக்கு முன்னாடி நெஸ்ஸுக்குக் காது பிஞ்சுபோச்சு. எம் மவன்தான் தன் தொப்பியைக் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டான். மைதானத்துக் கயித்துப் பக்கம் நின்னு பாத்தேன்."

"எந்த அப்பன்தான் தன் பிள்ளை சும்மா நின்னான்னு சொல்றான்? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

தூரத்தில் ரயில் ஊதியது. தந்திக்காரர் காகிதத்துக்குக் கை நீட்டினார். கொன்ராட் அதன்மேல் தன் கரிபடிந்த உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

அப்போதுதான் சன்னல் வழியே பார்த்தார். எமிலின் அணிக்காரன் டோர்வால்ட் நெஸ், வீட்டு விருந்துக்குப் புறப்பட்டு, பெட்டியோடு நடைமேடையில் நின்றான். தலையில் இன்னும் அதே தோல் தொப்பி. கிழவர் காகிதத்தை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

"மெதுவா, ஐயா! ரத்தம் காஞ்சு ஒட்டிக்கிச்சு. கழட்டினா காதும் சேந்து வந்துடும்."

"டேய், கோட்டுல தடுத்தது யாருடா? சொல்லு!"

நெஸ்ஸின் கண் காகிதத்தில் விழுந்தது. "என் பேரா போட்டிருக்கீங்க?" முகம் மலர்ந்தது. விரலால் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தான். ரயில் நடைமேடையில் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், அவன் விரல் இன்னும் அந்தப் பெயர்மேலேயே இருந்தது. இவனும் அவ்வளவுதான் என்று கொன்ராட் முடிவு கட்டினார்.

"என் பேரை அடிச்சிடுங்க சார்," என்றான் நெஸ் கடைசியில், எரிச்சலோடு. "இந்தச் சனியனை மாட்டினதுலேருந்து ஒரு எழவும் காதுல விழல. அவங்க பந்தை இடுக்கிக்கிட்டு வந்த மூணு தடவையும் நான் எதிர்ப்பக்கம் பாஞ்சேன். தடுத்தது எமில்தான். மூணாவதுலதான் அவன் தோள் போச்சு."

ஸ்டோடர்ட் கெட்ட வார்த்தை ஒன்றை முனகி, ஒரு பெயரை அடித்து, மேலே எதையோ கிறுக்கிக் கிழவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "போதுமா? வாசிச்சுக்கோ."

கொன்ராட் பார்த்தார். புழு நெளிந்த மாதிரி இருந்தது.

"எமில் ரீக்லர்னுதான் இருக்கு, ஐயா," என்றான் நெஸ்.

"நீ சொல்றே."

தந்திக்காரர் தட்டத் தொடங்கினார். ஸ்டோடர்டும் நெஸ்ஸும் ஓடிப்போய் ஒரே பெட்டியில் ஏறினார்கள். ஏறும்போது ஸ்டோடர்ட் எதற்கோ சிரித்தார்.

"இந்தத் தட்டுறதுல எதுய்யா எம் மவன் பேரு?" என்று கிழவர் தந்திக்காரரிடம் கேட்டார்.

"இப்பதான் போச்சு, பெரியவரே."

கொன்ராட் அந்தக் கருவியை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். நாளைக்கு அச்சில் வந்தாலும் அதை இன்னொருத்தன்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். தன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி மருத்துவர் வீட்டுப் பக்கம் நடந்தார்.