சரிவில் ஒரு நல்வரவுப் பலகை

"வெண்டல் தாத்தா, தேனீயெல்லாம் இப்ப எந்த வாசல் வழியா வெளிய வரும்?"

கேட்டவள் பக்கத்து வீட்டு மேரனின் மகள் ஜூனி. ஆறு வயது. அவள் விரல் நீட்டிய இடம் என் தோட்டத்துச் சரிவு. ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே வெறும் மண்ணில் துளைகள் திறக்கும். குளிர்காலம் முழுக்க உள்ளே தூங்கிய காட்டுத் தேனீக்கள் கிளம்பி, மேரனின் ஒரே ஆப்பிள் மரத்துக்குப் போகும்.

அந்தச் சரிவைப் போன அக்டோபரில் நான்தான் மூடினேன். பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கைத் தோட்டக்கலை வகுப்புக்கு ஆறு சனிக்கிழமை போய்வந்தவன் அல்லவா! மண்ணை வெறுமையாக விடக்கூடாது என்றார்கள். ஊர் முழுக்க அட்டைப்பெட்டி பொறுக்கி வந்து பரப்பி, மேலே ஒரு லாரி மரச்சீவலைக் கொட்டினேன். நடுவில் 'வன உயிர்களுக்கு நல்வரவு' என்று ஒரு பலகையும் நட்டேன். குடியிருந்தவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் வரவேற்பு எழுதி வைத்த மகான் நான். போதாததற்கு, கடவுளின் படைப்பைப் பேணுவது பற்றிச் சர்ச்சில் நாற்பது நிமிடம் பேசினேன். தூங்கியவர்கள் பாக்கியவான்கள்.

"என்ன வெண்டல், உங்க பலகையைத் தேனீங்க படிக்கலையா?" வேலிக்கு அப்பாலிருந்து மேரன் சிரித்தாள். "மொட்டு விட்டாச்சு, ஒண்ணையும் காணோமே."

"குளிர் இன்னும் விடலையேம்மா. அதான்." சர்ச் மூப்பரான என் வாயிலிருந்து சரளமாக வந்தது பொய்.

"வந்தா சரி. ரெண்டு வருஷமா பூவெல்லாம் பனியில கருகிப்போச்சு. இவ அப்பா நட்டுட்டுப் போன மரத்துப் பழம் இந்த வருஷமாவது வேணும்னு இவ ஒத்தைக்கால்ல நிக்கிறா."

அன்றிரவு ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை சர்ச் மணி அடித்தது. "முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க" என்று மேரனிடம் சொன்னேன். இரண்டாவது பொய். தெருவே காலியானது.

மண்வெட்டி பட்டால் தேனீ சாகும். எனவே மண்டியிட்டு, மரச்சீவலைக் கையாலேயே அள்ளினேன். ஊறிய அட்டையைத் துண்டு துண்டாக உரித்தேன். கடைசிப் பாடல் காற்றில் வந்தபோது கடைசி அட்டையும் வந்தது. மண்ணில் வெயில் விழுந்தது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரிடத்தில் மண் லேசாக அசைந்தது. புழுதி படிந்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. என்னைச் சட்டை செய்யாமல் சிறகைத் துடைத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பலகையைப் பிடுங்கி விறகோடு போட்டேன். கார்கள் திரும்பியபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"முட்டி எப்படி இருக்கு, வெண்டல்?" என்றாள் மேரன்.

"இப்பதாம்மா நிஜமாவே வலிக்குது."