ஆறாவது வாரம்

அன்று களத்துக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி சென்னியம்மாள், என் தங்கை அத்தாயி, அவள் மகன் வேலுமணி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. விதைக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். 1988, ஆனி மாதம்.

'ஏழாம் கொட்டடி' என்று ஒரு நாடகம் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் வந்தது. கதை முழுவதும் சிறைச்சாலைக்குள் நடப்பது. பதின்மூன்று வாரத்தோடு முதல் பாகம் முடிந்திருந்தது. அந்தப் பதின்மூன்றையும் பிடித்த வரிசையில் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேலுமணி அட்டை வாங்கி வந்தான். எழுத வேண்டியவன் நான். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்துதான் இருக்கும்.

எங்கள் மகன் அர்த்தநாரி அப்போது சேலம் சிறையில் இருந்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் ஒருவர் இறந்துபோனார். ஏழு வருடம் தண்டனை. மூன்று தலைமுறையாக ஊரார் சண்டையைப் பேசித் தீர்த்துவைத்த குடும்பம் எங்களுடையது. தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வராந்தாவிலேயே சொல்லிவிட்டேன், இந்த வீட்டிலிருந்து யாரும் அவனைப் பார்க்கப் போகக் கூடாது என்று. அதற்குப் பிறகு இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. சென்னியம்மாள் ஒரு முறைகூடப் போகட்டுமா என்று கேட்கவில்லை.

நாடகம் தொடங்கிய பின் செவ்வாய்க்கிழமைகளில் அவள் பொழுதோடு சமையலை முடித்துவிட்டுப் பெட்டிக்கு நேர் எதிரில் உட்காருவாள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். படுக்கப் பாய் கொடுக்கிறார்களா, சோற்றுத் தட்டு எத்தனை பெரியது, சன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள்.

"ஒம்பதாவது வாரந்தானுங்க மாமா மொதல்ல," என்றான் வேலுமணி. "செவுரேறிக் குதிச்சான் பாருங்க."

"குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்டான்," என்றாள் அத்தாயி. "நீ போர் போடற ரிக்கு வண்டியைப் பள்ளத்துல எறக்குனயே, அதாட்டம். எனக்குப் பதிமூணாவதுண்ணா. வெளிய உட்டாங்கல்ல, அது போதும்."

"சாமி படம் முடியறப்பத் தேங்கா ஒடைக்கற ஆளு. எல்லாத்துக்கும் கடைசிதான் புடிக்கும் எங்கம்மாளுக்கு."

"நங்கையா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது?" என்று அத்தாயி தன் அண்ணியைக் கேட்டாள்.

சென்னியம்மாள் உரித்த பருப்பை முறத்தில் தள்ளினாள். "ஆறாவது. அதுக்கப்பறம் நாலாவது."

நாலாவது வாரத்தில் ஒன்றும் நடக்காது. வரிசையில் நின்று களி வாங்கிச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆறாவது வாரத்தில் கைதியைப் பார்க்க அவன் தாய் வருவாள். ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, கொண்டு வந்த சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். அவன் தலையைத் தடவிக் கொடுப்பாள்.

"ஆறாவது கடைசி," என்றேன்.

"ஏனுங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"பொய்யி. என்ற கையெழுத்துப் போட்டு அதை மொதல்லன்னு எழுத மாட்டேன்."

"நாடகந்தானுங்களே மாமா," என்றான் வேலுமணி.

"நாடகமா இருந்தா என்ன வேணா காட்டறதா? மேசை போட்டு உக்கார வெக்க அது என்ன சம்பந்தி ஊடா? மனுவுக்குப் போனா ரெண்டு கம்பி வலை. நடுவுல கை எட்டாத தூரம். இந்தப் பக்கம் முப்பது பேரு, அந்தப் பக்கம் முப்பது பேரு, ஆளாளுக்குக் கத்துவாங்க. ஒண்ணும் காதுல உழுகாது."

வேலுமணி சிரித்தான். "மனுவா? அது தாசில்தாருக்குக் குடுக்கறதுங்க மாமா."

அவன் மட்டும்தான் சிரித்தான். நாடகத்தின் பதின்மூன்று வாரத்தில் ஒரு முறைகூட அந்தச் சொல் வரவில்லை. உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும், பார்க்கிற அந்தச் சில நிமிடங்களுக்கும் அங்கே மனு என்றுதான் பெயர். போய் நின்றவர்களுக்குத்தான் அது வாயில் வரும்.

"எப்பப் போனீங்க?" என்று கேட்டாள் சென்னியம்மாள்.

"தை மாசம். மோட்டாருக்குக் காயில் கட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"எளைச்சுட்டானுங்களா?"

"கொஞ்சம். மீசையை எடுத்துட்டான்."

"என்ன பேசுனான்?"

நான் பேனாவை மூடி வைத்தேன். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவன் வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றையே மூன்று தடவை கேட்டான். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதன் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரம் முடியும்வரை என் தோளுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். எடப்பாடி பஸ்ஸில் வரும்போதுதான் அவன் உதடு அசைந்தது எனக்கு விளங்கியது. அம்மா வந்திருக்குதுங்களா என்று கேட்டிருக்கிறான்.

"காதுல உழுகலைன்னு கையைக் காட்டியிருக்கலாமல்லண்ணா," என்றாள் அத்தாயி.

"காட்டியிருக்கலாம். அவன் முன்னால செவிடனாட்டம் நிக்க மனசு வல்ல."

சென்னியம்மாள் கையில் இருந்த காயை உடைத்தாள். இரண்டு பருப்பையும் முறத்தில் போட்டாள். "வந்துட்டு உள்ள வராம வெளியவே நின்னுட்டாளேன்னு நெனச்சிருப்பான்," என்றாள். "அஞ்சு மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருப்பான்."

கோர்ட்டு வராந்தாவில் சொன்ன சொல்லை நானே உடைத்திருந்தேன். அவளை மட்டும் அந்தச் சொல்லுக்குள் நிறுத்தி வைத்திருந்தேன்.

"செவ்வாக்கெழமை மொத வண்டிக்குப் போலாம். ரெண்டு பேரும்," என்றேன்.

"அந்த மனுவுல என்னன்னு எழுதோணும்?"

"பேரு, அப்பறம் என்ன ஒறவுன்னு."

"சென்னியம்மாள், தாயார்," என்று சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் இறங்கிச் சிறைக்கு நடந்தோம். மனுவில் அவள் பேரை முதலில் எழுதி என் பேரைக் கீழே எழுதினேன். அர்த்தநாரி வந்து நின்றதும் அவள் கத்திப் பேசவில்லை. ஐந்து விரலையும் வலைக் கண்ணில் நுழைத்துக்கொண்டு நின்றாள். அவனும் அவன் பக்கத்து வலையில் அப்படியே நின்றான். நடுவில் இருந்த தூரம் குறையவில்லை. நான் பின்னால் தள்ளி நின்றேன்.

சென்னியம்மாள் மூன்று நாள் பட்டினி கிடந்து என்னைப் பணிய வைத்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருந்ததில்லை. போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்.