உலாந்தாப் பெட்டியில் மடித்திருந்த நாட்கள்

உலாந்தாக்காரர்கள் என்று ஊர் சொன்ன டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக் கோட்டையை இங்கிலீஷ்காரரிடம் விட்டுப் போவதற்கு மூன்று வருஷம் முன்னால், பங்குனி வெயிலில், தோணிரேவு வடிவேலுவின் குடிசைக்குள் மட்டும் எண்பது வருஷத்துக்கு முந்தைய மழை இரண்டு நாள் பெய்தது. பக்கத்து வாசலில் கருவாடு நன்றாகவே காய்ந்தது. மழை வந்தது ஒரு செய்தித்தாளிலிருந்து. கோட்டைத் தெருவில் வாரிசு இல்லாமல் செத்துப்போன உலாந்தா வியாபாரி ஒருவனுடைய வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும், பல் உதிர்ந்த சீப்புக்குங்கூட ஆள் இருந்தது. ஒரு மரப்பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சாமான் சுமந்த வடிவேலுவிடம், கூலிக்குப் பதில் இதை எடுத்துக்கொள் என்றார்கள். அப்பன் விட்டுப்போன வலையை எலி கடிக்காமல் வைக்கலாம் என்று அவனும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தான். திறந்தால் வலைக்கு இடமில்லை. மேல்வரைக்கும் செய்தித்தாள், நாலாய் மடித்து அடுக்கியிருந்தது. ஒன்றை விரித்தான், மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தாள் மடிய மறுத்ததால் அது காயும்வரை மழை நிற்கவில்லை.

"கூலிய வாங்கியாரச் சொன்னா தண்ணிய வாங்கியாந்துகீறே" என்றாள் பெண்சாதி திரௌபதி, அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபடி. "ஏரியில இருக்கிற தண்ணி உனக்குப் பத்தல."

அவள் சொன்னதில் குத்தல் இருந்தது. ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் பாடு என்று பேர். வருஷா வருஷம் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்று பிரித்துக்கொள்வார்கள். முதல் சீட்டுப் போட்ட அன்று பேர் இருந்த வீடுகளுக்குத்தான் முறை. வடிவேலுவின் வீட்டுக்கு முறை இல்லை. அவன் சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்தான். விரல்நகம் தேய்ந்து போன மாதங்களில் கோட்டைக்கு மூட்டை தூக்கப் போனான். ஊர்ப் பெரியதனம் பெருமாளிடம் வருஷம் தவறாமல் போய்க் கேட்பான். பெருமாளும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வார்: "உங்காளுங்க அப்பால வந்தவங்கப்பா. மொத சீட்டுல பேர் இருந்துதுன்னா காட்டு. நானா வேணான்றேன்?" அந்தப் பேர்களை எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, நாற்பது வயசுக்கு மேல் உபதேசியாரிடம் போய் வடிவேலு எழுத்துப் படித்தான். படித்து முடித்த பிறகுதான் ஊரில் எழுதி வைத்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

தாளில் இருந்த எழுத்தோ உலாந்தா எழுத்து. கோட்டைக் காவல்காரன் பெண்சாதியாயிருந்து விதவையான பிலோமினாவுக்கு அது தெரியும். முதல் சீட்டுச் செய்தி இதில் எங்காவது இருக்காதா என்று, ஒரு கூடை நண்டுக்கு ஒரு நாள் படிக்கப் பேசி அவளைக் கூட்டிவந்தான். எந்தத் தாளை விரித்தாலும் அதில் போட்ட நாள் வெளியே வரும், மடித்தால் நிற்கும் என்று முதல் நாளே அவள் கண்டுசொன்னாள். விரிக்காமல் படிக்கவும் முடியாது. ஆகவே சட்டென்று விரித்து, படித்து, சட்டென்று மடிக்க வேண்டியிருந்தது. "இது மொளகுக் கப்பல், மடி" என்பாள். அதற்குள் தெருவே தும்மும். "இது எவனோ தொரைக்குக் கல்யாணம். மடிய்யா, பிராந்தி நாத்தம் கொடலப் பெரட்டுது." துணி விலை போட்ட தாளிலிருந்து ஒரு வியாபாரி இறங்கி, திரௌபதியின் புடவைக்குப் பேரம் பேசி, தாளை மடிக்க விடாமல் மத்தியானம்வரை போகமாட்டேன் என்றான். காய்ச்சல் செய்தி வந்த வாரம் கோழிகள் எல்லாம் சுருண்டு படுத்தன. ஊரார் சண்டைக்கு வந்தார்கள். வடிவேலு உலாந்தா எண்களை மட்டும் கற்றுக்கொண்டு, தாள்களை வருஷவாரியாக அடுக்கினான். அடுக்கியதைத் திரௌபதி கோபத்தில் ஒரு தரம் கலைத்தாள். இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

அடியிலிருந்து இரண்டாவது தாளில் அது இருந்தது. தோணிரேவுச் செம்படவர்கள் முதல்முதலாக ஏரியைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டதை ஒரு துரை வேடிக்கை பார்த்து எழுதிய நாலு வரி. பிலோமினா பாதி படித்ததும் மடிக்கச் சொன்னாள், அத்தனை ஆளையும் குடிசை தாங்காது.

மறுநாள் காலை ஊர் கூடியது. வடிவேலு கரையில் தாளை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தான். தாளிலிருந்து நாற்பத்தோரு ஆண்கள் இறங்கி மணலில் நின்றார்கள், வெற்றிலை மென்றுகொண்டும் ஒருத்தனையொருத்தன் திட்டிக்கொண்டும். அவர்களில் ஒரு கிழவர் பேர் கூப்பிட்டார். பதினேழாவது பேர் சுப்பன். அது வடிவேலுவின் தாத்தாவைப் பெற்றவன் பேர்.

"இங்கதான் கீறேன், கத்தாதே" என்றான் ஒரு ஒல்லி ஆள்.

பெருமாள் நியாயஸ்தர். ஊர் முன்னால், "ஒத்துக்கினேன். உங்க வூட்டுக்கு மொறை உண்டு" என்று சொல்லிவிட்டார். வடிவேலு மணலில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள் கச்சான் காற்று வீசி, கற்களைப் புரட்டி, தாளை ஏரியில் கொண்டுபோய்ப் போட்டது. பிடித்துத் தூக்கினபோது அது கூழாகியிருந்தது. மடிக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியதும் கஞ்சி கேட்டார்கள்.

சுப்பன் வடிவேலுவின் குடிசைக்கு வந்தான். தவழ்கிற தன் மகன் எங்கே என்று கேட்டான். அவன் கிழவனாகிச் செத்து இருபது வருஷம் என்றார்கள். ஒரு நாள் முழுக்க ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அடுத்த நாள் வலையை எடுத்துப் பார்த்து, "எவன்டா இதைக் கட்டினான், கொசு புடிக்கவா?" என்றான்.

சித்திரைச் சீட்டில் பெருமாள் வடிவேலுவின் பேரைக் கூப்பிடவில்லை. சுப்பனைக் கூப்பிட்டார்.

"பெரியதனம், மொறை எனக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உங்க வூட்டுக்குன்னு சொன்னேன். வூட்டுப் பெரியவன் உசுரோட இருக்கசொல்ல சின்னவனுக்கு ஏதுப்பா தனிச்சீட்டு?"

"அந்தாளுக்கு இருவத்தெட்டு வயசு. எனக்கு நாப்பத்தஞ்சு."

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்று பெருமாள் கையைக் காட்டினார். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், மீசை சரியாக முளைக்காத அவருடைய கொள்ளுத்தாத்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வீட்டுப் பெரியவனுக்குத்தான் சீட்டு என்ற இந்த வழக்கம் ஊரில் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். இரண்டு வருஷம் தாள் விரித்ததில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பெரியதனமும் வடிவேலுவும் பக்கத்தில் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து இறால் துழாவினார்கள். "நல்லாப் பெட்டி வாங்குனேய்யா நீ" என்றார் பெருமாள்.

கோட்டையில் கொடி மாறியது. தாளிலிருந்து வந்தவர்களுக்காகத் தெரு வடக்கே நாற்பது குடிசை நீண்டது. ஊர்க் கணக்கெடுக்க வந்த இங்கிலீஷ்காரனின் குமாஸ்தா, சுப்பன் என்ற இளைஞனை வடிவேலுவுக்குக் கொள்ளுத்தாத்தா என்று சொன்னபடியே எழுதிக்கொண்டு போனான். முறை வரும் நாளில் சுப்பன் வலை கட்ட, வடிவேலு படகில் கழி ஊன்றுவான். "டேய் பையா, நேரா ஊன்டுறா" என்று சுப்பன் அதட்டினால், நரைத்த தலையை ஆட்டி, "சரி நைனா" என்பான். வீட்டில் மீன் குழம்பு வந்தது. திரௌபதி யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்தே பரிமாறினாள்.

வடிவேலு அறுபத்திரண்டாம் வயசில் இறந்தான். மகன் இல்லாததால் கொள்ளி வைத்தது சுப்பன். பெரியவன் சின்னவனுக்கு வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் முகத்துவாரப் பாடு அவர்கள் வீட்டு முறை; சுப்பன் போய்க் கட்டினான். அந்த வருஷம் இறால் கொஞ்சம் சின்னதுதான்.